இறங்காத கை

குடிநீர் வாரியத்தின் பம்பு ஆபரேட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தூக்கிய வலது கை, அதன்பிறகு இறங்கவில்லை. நகரசபை கூட்டிய பொதுக்கூட்டம் அது. தண்ணீர் சரியில்லை என்று மனு எழுதுகிற வீட்டுக்கு இணைப்பைத் துண்டிக்கலாம் என்ற உத்தரவை வாசித்துவிட்டு, எதிர்ப்பவர் உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் 'ஏகமனதாக' என்று எழுதிவிடுவது குமாஸ்தாவின் பதினோரு வருடப் பழக்கம். தண்ணீரில் என்ன கலந்து வருகிறதென்று அரங்கில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை எழுந்ததும் இரண்டு காவலர்கள் அதில் தொங்கிப் பார்த்தார்கள். அவர்கள் தரையிலிருந்து ஓரடி உயர்ந்ததுதான் மிச்சம். மருத்துவர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். இறங்காத கை தினமும் புதிதாக எதிர்க்கிறது என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்து, நாளுக்கொரு வழக்குப் பதிந்தார். அந்த மாதமே வேலை போயிற்று. கைது இன்றோ நாளையோ என்றிருந்தது.

அந்த ஊரில் குடிமக்களின் உரிமைக்கென்று ஒரு கழகமும் இருந்தது, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பதவியில் இருந்தவரை ஒருவரையும் விடுதலை செய்யாதவர், ஓய்வுக்குப்பின் எல்லாரையும் விடுதலை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். உறுப்பினர்களின் வழக்கை மட்டுமே எடுப்போம் என்று சொன்னதால், ஆபரேட்டரின் மனைவி தன் கணவரை உறுப்பினராகச் சேர்த்துவிட்டாள். வினையே அங்குதான் பிடித்தது. கழகம் முன்பு ஒருமுறை இரண்டாக உடைந்ததில், ஒருவர்கூட எதிர்க்காவிட்டால்தான் தீர்மானம் நிறைவேறும் என்று விதி வைத்திருந்தார்கள். ஆபரேட்டருக்கு வக்கீல் வைக்கும் தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் என்று கேட்டார் தலைவர். ஒரு கை நின்றது. தீர்மானம் தோற்றது.

"ஐயா, அது போன மாசம் தூக்கின கைங்க. இதுக்குத் தூக்கினது இல்ல," என்றாள் மனைவி.

"கை எப்பத் தூக்கினதுன்னு நாங்க பாக்க முடியாதும்மா. நிக்குதா இல்லையா, அவ்வளவுதான்," என்றார் தலைவர்.

"நான் ஆதரிக்கிறேங்க," என்று ஆபரேட்டரே சொன்னார். வாய் ஆதரிக்கிறது, கை எதிர்க்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"அப்போ ஓட்டு எடுக்கறப்ப மட்டும் இவரைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்களேன்."

செயலாளர் பதறிப்போனார். "மாற்றுக் கருத்துள்ளவரை வெளியேத்துறதா? அந்த மாதிரி வேலையெல்லாம் நாங்க பண்ண மாட்டோம்மா!"

இப்படி மூன்று முறை அவருடைய உரிமையை அவரிடமிருந்தே காப்பாற்றினார்கள். மூன்றாம் முறை படியிறங்கும்போது போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. கழகத்தார் ஜன்னல் வழியாகப் பார்த்து, மிகுந்த கவலை அடைந்தார்கள். மாற்றுக் கருத்தின் மாண்பு என்று ஒரு புத்தகம் போட்டார்கள். அட்டையில் அந்தக் கை. உள்ளே தலைவரின் படங்கள் ஒன்பது. அதற்கு ஒரு கேடயமும் வந்தது. மனைவி கழகத்துப் படியை அதற்குமேல் மிதிக்கவில்லை. காறித் துப்பியிருக்கலாம், துப்பவும் மனம் வரவில்லை அவளுக்கு.

அவரை விடுவித்தது சட்டமும் இல்லை, கழகமும் இல்லை, சிறையின் காலை வரிசை. குறை உண்டா என்று கேட்கும்போது நிற்கிற ஒவ்வொரு கையையும் ஒரு புகாராகப் பதிந்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. மூன்று வருடத்தில் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து புகார்கள் போயின. அத்தனைக்கும் விளக்கம் கேட்டு மேலிடம் எழுதியதும், புதிதாக வந்த கண்காணிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்று மாலையே நன்னடத்தை என்று எழுதி, அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் வாசலில் பழக்கப்படி குனிந்தார். கை தூக்கிய நாளிலிருந்து வளைந்து நெளிந்து, பக்கவாட்டில்தான் அவர் எந்த வாசலிலும் நுழைந்தது. மனைவி உள்ளிருந்து பார்த்தாள். முடி நரைத்திருந்தது, கை அப்படியே இருந்தது.

"எதுக்குக் குனியிறீங்க? நேராவே வாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொத்தனாரை வைத்து வாசல் நிலையை இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தாள். கூடத்து மின்விசிறியையும் கழற்றி வைத்திருந்தாள்.