ஏழு மணிப் புள்ளி

என் மைத்துனன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த கிராஃப் போடும் கால்குலேட்டரை ஆயுத பூஜையன்று ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டேன். திரையிலேயே இட்டேன். அறிவு இருக்கும் இடத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும் என்று மனைவி சாந்தாவிடம் விளக்கமும் சொன்னேன். அவள் பொரிகடலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுவாரம் அரியலூரில் கணித ஆசிரியர் கூட்டம். உடையார்பாளையம் முந்திரி வியாபாரி சிவசுப்பிரமணியன் வந்திருந்தார். கருவியின் பயன் தனக்குப் புரிந்தால் குன்னத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். புரியவைக்க வேண்டியவன் நான். போட்டோ எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

படத்தைச் சுவரில் காட்டும் கேமராவுக்குக் கீழே கால்குலேட்டரை வைத்தேன். சுவரில் அது பெரிதாகத் தெரிந்தது. திரையை இரண்டாகப் பிரித்தேன்: இடப்பக்கம் கோடுகள், வலப்பக்கம் எண்களின் அட்டவணை.

"ஒரு தொட்டியில பத்தடி தண்ணி. மணிக்கு ஓரடி குறையுது. இன்னொண்ணுல ரெண்டடி. மணிக்கு ஓரடி ஏறுது. எப்ப ரெண்டும் சமமாகும்? கணக்கே போட வேணாம், பாத்தாலே தெரியும்" என்று கம்பீரமாகக் குனிந்தேன். கோடுகள் மங்கலாக இருந்தன. ஒரு புள்ளி மட்டும் கருகருவென்று நின்றது.

"இந்தா, வெட்டிக்குது பாருங்க. ஏழு மணிக்கு!"

எல்லோரும் சுவரையே உற்றுப் பார்த்தார்கள். வியந்துபோனார்கள் என்று நினைத்தேன்.

"சார், பக்கத்துல ஏழுக்கு நேரா மூணு, ஒம்போதுன்னு போட்டிருக்கே. மூணும் ஒம்போதும் எப்ப சமமாச்சு?" என்றார் சிவசுப்பிரமணியன்.

"அட்டவணை வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்ங்க."

"அது வந்து ரொம்ப நேரமாச்சு சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பொங்கியது. பத்துக் கால்குலேட்டரும் கைவிட்டுப் போவதை மட்டும் கண்ணாடி இல்லாமலே தெளிவாகப் பார்த்தேன்.

அரியலூர்ப் பள்ளி ஆசிரியை பரிமளா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை. "சார், டிரேஸ் பட்டன அமுக்கிட்டு அம்புக்குறிய நகத்துங்க. ரெண்டு பக்கமும் சேந்து நகருதான்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றார், நான் செய்ய மறந்த ஒன்றை நினைவூட்டுவதுபோல. பிறகு என் சட்டைப்பையைக் கண்ணால் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகர்த்தினேன். கோட்டின் மேல் குறி ஓட ஓட, அட்டவணையில் வரிசை மாறியது. நாலுக்கு நேராக ஆறு, ஆறு. கோடுகள் வெட்டிக்கொண்டதும் அங்கேதான். என் புள்ளி ஏழிலேயே அசையாமல் இருந்தது. குங்குமம்!

நகத்தால் சுரண்டினேன். பழக்கதோஷம், விரல் தானாக நெற்றிக்குப் போய்விட்டது. இந்த முறை சிரிப்பில் சுவரே அதிர்ந்திருக்கும், நானும் சேர்ந்துகொண்டேன்.

சிவசுப்பிரமணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "படத்த மட்டும் காட்டியிருந்தீங்கன்னா ஏழுன்னு நானும் தலையாட்டியிருப்பேன் சார். பக்கத்துல நம்பர் இருந்ததாலதான் கேட்டேன். முந்திரி விக்கிறவனே வாத்தியாரு தப்பப் புடிக்கலாம்னா, அது நல்ல சாமான்தான். வாங்கித் தரேன். ஆனா சொல்லிக் குடுக்கறது இந்த டீச்சரம்மா."

எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். பரிமளா உடனே, "சாரும் கூட இருக்கட்டும்ங்க. தப்பு பண்ணிக் காட்ட ஓர் ஆள் வேணும்ல" என்றார். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் எனக்கும் ஓர் இடம் போட்டுவைத்திருந்தார். கடவுள் சில சமயம் இப்படித்தான் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று நம்புகிறவன் நான்.

இப்போது சனிக்கிழமைகளில் குன்னத்தில் வகுப்பு நடக்கிறது. பரிமளா டீச்சர் பாடம் நடத்துகிறார். நான் தப்புச் செய்கிறேன், பிள்ளைகள் அட்டவணையைப் பார்த்துப் பிடிக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.