சுயித்னோவின் ஆடு

தொலைக்காட்சி வயரைப் பிடுங்கக் குனிந்த கணவனின் கையைக் கினாசி தடுத்தாள்.

“இருக்கட்டும் மாஸ். சத்தத்த மட்டும் நிறுத்திடு.”

“வீட்டுல மய்யித்து கெடக்கு. ஊரு என்ன சொல்லும்?”

“ஊரே ஜன்னல் வழியா ஸ்கோர்தான் பாத்துக்கிட்டு நிக்குது. திரும்பிப் பாரு.”

அவன் திரும்பினான். துக்கம் கேட்க வந்த நாலு பேர் சட்டென்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

அப்பா ஹர்ஜோ போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜகார்த்தாவில் சர்வதேச இறகுப்பந்துப் போட்டியின் கடைசி நாள். பன்னிரண்டு வருடம் அதே அரங்கத்தில் கோட்டு நடுவராக உட்கார்ந்த மனிதர், இந்த முறை கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தார். காலையில் கலப்பு இரட்டையரில் நம் ஜோடி தோற்றது. அப்பா உதட்டைச் சுழித்தார். அடுத்து பெண்கள் ஒற்றையர். நம் பெண் ஜெயித்ததும் கினாசி திரும்பி, “ஜெயிச்சுட்டோம்ப்பா” என்றாள். அதற்குள் அவர் கிளம்பிவிட்டிருந்தார். வாதம் வந்து ஐந்து மாதம் பேச்சில்லாமல் கிடந்தவருக்கு இதைவிட நல்ல சாவு கிடைக்காது என்று நினைத்தாள். அழுதுகொண்டேதான் நினைத்தாள்.

அவளை அரித்தது வேறொன்று. மய்யித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கு வாசலைத் தாண்டுமுன் இமாம் ஊரைப் பார்த்து, இறந்தவர் மேல் யாருக்காவது மனக்குறை இருந்தால் விட்டுவிடுங்கள் என்று கேட்பார். எல்லாரும் ‘விட்டோம்’ என்பார்கள். எதிர்வீட்டுச் சுயித்னோ சொல்வாரா?

முப்பத்தோரு வருடத்துக்கு முன், தெருவின் சுதந்திர தினப் போட்டி. இறுதி ஆட்டம், கடைசிப் புள்ளி. சுயித்னோ எகிறி அடித்தார். கோட்டோரம் உட்கார்ந்திருந்த அப்பா இரண்டு கைகளையும் அகல விரித்தார். வெளியே என்று அர்த்தம். பரிசாக வைத்த ஆடு மேலத்தெருவுக்குப் போனது. அதற்காக இருவரும் பேச்சை நிறுத்திவிடவில்லை. தினமும் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இனிப்புத் தேநீர் குடித்தார்கள். தினமும் சுயித்னோ “உள்ள” என்பார். அப்பா “வெளிய” என்பார். ‘நீ ஒத்துக்கற வரைக்கும், உன் மய்யித்து முன்னாடி நின்னாகூட விட்டேன்னு சொல்ல மாட்டேன்’ என்று தெருவறியச் சபதம் வேறு. அப்போதெல்லாம் கினாசியும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இன்று, அந்த ஒரு வார்த்தை வராமல் அப்பாவைத் தூக்கிப் போவார்களோ என்று எதிர்வீட்டு வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள்.

அதோடு, அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. போன வெள்ளிக்கிழமை சுயித்னோ வந்து, “இப்பவாவது சொல்லிருடா” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போனபின் அப்பா விளங்கும் வலது கையைத் தூக்கி வலது கண்ணை மூடினார். பிறகு கிடையாய்க் கிடந்த இடது கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டு அவள்தான் அந்தக் கையை எடுத்து இடது கண்மேல் வைத்தாள். கோட்டு நடுவரின் மகளுக்கு அது தெரியாதா? இரண்டு கண்ணையும் மூடினால், ‘நான் பார்க்கவில்லை’. அப்புறம் அப்பா அவள் மோவாய்த் தழும்பைத் தொட்டார். அவளுக்கு ஐந்து வயதில், அதே இறுதி ஆட்டத்தன்று, பெஞ்சிலிருந்து விழுந்து பட்ட காயம் அது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டாள். பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன நடுவர் என்று அப்பாவுக்குப் பேர் வந்துவிடுமே.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, உடலைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். கினாசி திரும்பி வந்தபோது அறையில் சுயித்னோ மட்டும் தனியாக நின்றார். சத்தமில்லாத திரையில் ஆண்கள் இரட்டையர். மூன்றாவது ஆட்டம், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. டேனிஷ்காரன் அடித்த ஷட்டில் கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி விழுந்ததை மெஷின் பெரிதாக்கிக் காட்டியது. நமக்கு இருபது.

“இந்த மெஷின் அன்னிக்கு இருந்திருந்தா என் ஆடு எனக்கு வந்திருக்கும்” என்றார், திரும்பாமலே.

“சித்தப்பா, அப்பா அன்னிக்குப் பாக்கவே இல்ல.”

அவர் திரும்பினார்.

“நான் பெஞ்சுலேந்து விழுந்துட்டேன். என்னப் பாத்துட்டாரு. அவரு திரும்பறதுக்குள்ள ஷட்டில் தரையில கெடந்திருக்கு.”

“அவனா சொன்னான்?”

கினாசி இரண்டு கைகளாலும் தன் கண்களை மூடிக் காட்டினாள்.

சுயித்னோ அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அவள் பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“திருட்டுப் பய. முப்பத்தோரு வருஷம் கல்லுளிமங்கனா இருந்திருக்கான் பாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நானும் பாக்கல புள்ள.”

“என்ன சித்தப்பா சொல்றீங்க?”

“எகிறி அடிக்கறப்ப நான் கண்ண மூடிக்குவேன். சின்ன வயசுலேந்தே அப்படித்தான். வெளிய யார்கிட்டயும் சொல்லிராத.”

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கூச்சல் எழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டது மாதிரி பாதியில் நின்றது. இமாம் கண்டிப்பதுபோலத் தொண்டையைச் செருமினார். பிறகு மெதுவாக, “எத்தனைக்கு எத்தனை?” என்று கேட்டார்.

பச்சைத் துணி போர்த்தி மல்லிகைச் சரம் போட்ட சந்தூக்கு முற்றத்துக்கு வந்தது. இமாம் கேட்டார். “விட்டோம்” என்றது தெரு. சுயித்னோவின் குரல் அதில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தலைகள் அவர் பக்கம் திரும்பின. கினாசி முக்காட்டு நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

சுயித்னோ நடந்துபோய் வெளிவாசலின் நடுவில், சந்தூக்குக்கு எதிரே நின்றார்.

“ஆம்பள இரட்டையர் நமக்குத்தான்டா. இருபத்தொண்ணு, பத்தொம்போது.”

பிறகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்தார். வலது தோள் முழுதாக எழவில்லை. இருந்தும் விரல் நுனிவரை நீட்டினார். அந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் தெரியாதவர் யாரும் இல்லை.

“வழி விடச் சொல்லுங்க” என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். இமாம் அவனை முறைத்தார்.

சந்தூக்கைத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு, அவர் கைகளை இறக்கும்வரை வெயிலில் நின்றார்கள்.