துணிமேல் வைத்த கனம்

சட்டைக் கைக்கு மாதிரி வெட்டச் செய்தித்தாளை விரித்தபோதுதான் தையல்காரி அந்தப் படத்தைப் பார்த்தாள். கத்தரிக்கோல் பாதியில் நின்றது. 'போர்க்காலப் பொருள்களைத் தொடாதீர்கள், உடனே தெரிவியுங்கள்' என்ற வரிக்கு மேலே பித்தளை மூக்கோடு ஒரு குண்டு. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் அவள் ஓரத்தில் வைத்திருந்த கனமும் அச்சு அசல் அதுதான்.

கணவர் போரிலிருந்து கொண்டுவந்தது. வெறும் கூடு என்றுதான் சொல்லியிருந்தார். முப்பது வருடமாகத் துணி நகராமல் அதை மேலே வைத்துத்தான் வெட்டினாள். சூடான இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் சாய்த்துவைத்த நாள்கள் நினைவுக்கு வந்தன. அவரிடம் மூச்சுவிடாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் போன் செய்தாள்.

வெடிகுண்டு அகற்றும் அதிகாரி வந்த வண்டிச் சத்தம் கேட்டதுமே கணவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி வாசலிலேயே நின்றார். "ஐயா, மூக்கு கழட்டாம அப்படியே இருக்கு. உள்ளே வெடிமருந்து இருக்கு. அதை மெதுவா மேஜைல வெச்சுட்டு வெளியே வாங்க."

"முப்பது வருஷமா இவகூடக் குடும்பம் நடத்தறேன். இவளைவிடவா இது வெடிச்சிடப் போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கட்டைவிரல் பித்தளை மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த விரலைத் தவிர அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"என் சிநேகிதன் காலி பண்ணிக் குடுத்தது. அவன் கையால. மறுநாள் செத்துட்டான். அவனுக்கா வேலை தெரியாது?"

அதிகாரி அவளை வெளியே வரச்சொல்லிக் கையசைத்தார். அவள் தையல் மெஷினருகே போய் ஊசியையும் நூலையும் எடுத்தாள். தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் பன்னிரண்டு ஊசி கோத்துக் கொடுப்பது அவர் வேலை. இன்று ஒன்றுகூட ஆகவில்லை.

"என்னங்க, ஊசி கோத்துக் குடுங்க."

"இப்பவா?"

"வேலை அப்படியே கிடக்கு. எனக்கா கண்ணு தெரியுது?"

ஊசியைப் பார்த்தார். அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

"அவன் தப்புப் பண்ணிட்டானா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டார். நான் எத்தனை சட்டைக்குக் கை மாத்தித் தச்சிருக்கேன்!"

அவர் கட்டைவிரல் பித்தளை மூக்கிலிருந்து நகர்ந்தது. பிறகு இரு கைகளாலும் அதைத் தூக்கி, பாதி வெட்டிய தாளின்மேல் வைத்தார். சத்தமே எழவில்லை. காலியான கையை அவளிடம் நீட்டினார்.

தெருவில், அதிகாரி கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று, நூல் நுனியை உதட்டில் நனைத்தார். முதல் தடவை தப்பியது. இரண்டாவது தடவையும் தப்பியது. எதிரே குண்டை ஏற்றிய வண்டி மெல்ல ஊர்ந்து நகர்ந்தது. அவர் தலை நிமிரவில்லை.

"வெளிச்சத்தை மறைக்காதே" என்று அவளை அதட்டினார்.

அவள் மறைக்கவில்லை. இருந்தாலும் ஓரடி தள்ளி நின்றாள்.