வெளிர் மஞ்சளுக்கு ஆசைப்பட்டு

நீலத்தில் மஞ்சளைக் கலந்தால் பச்சை வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் சேறுதான் வரும். இத்தனை நாள் ஓவிய வகுப்புக்குப் போய் நான் கண்ட லட்சணம் அவ்வளவுதான். சொல்லித்தருகிற மலையாளத்துப் பெண் ஆஷாவோ, "சேச்சி, வீட்டில உள்ளதெல்லாம் சேர்த்து நோக்குங்கோ. துணி, காப்பி டிகாக்‌ஷன், மஞ்சப்பொடி, ஒண்ணும் தப்பில்லை" என்பாள். தப்பில்லையாம்! அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அன்றைக்கு என் மகள் திவ்யலட்சுமி வருவதாக இருந்தது, புருஷன் ரெனியோடு. ரெனி கோட்டயத்துக் கிறிஸ்தவப் பையன். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் வெங்கிடேஷ் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் மகளோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. "வந்தா வரட்டும். நான் ரூமை விட்டு வரமாட்டேனாக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பா முகம் காட்டாவிட்டால் அவள் இனி எங்கள் ஸ்ரீவராகம் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாள். அவருடைய பிடிவாதம்தானே அவளுக்கும். கைக்கு வேலை இருக்கட்டுமென்று, அவளுக்குக் கொடுப்பதற்காகத் தொடங்கிய படத்தை முடிக்க உட்கார்ந்தேன்.

கொன்றைப்பூக் கொத்து. என் பழைய பட்டுப்புடவையின் கரையை வெட்டிக் கிளையாக ஒட்டியாயிற்று. பூவுக்கு வெளிர் மஞ்சள் வேண்டும். மஞ்சள்பொடியைத் தாம்பாளத்தில் கொட்டி, பசையும் தண்ணீரும் விட்டுக் குழைத்தேன். வெள்ளைச் சாயம் தீர்ந்துபோயிருந்தது. அவருடைய வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்பு கண்ணில் பட்டது. இதுவும் வெள்ளைதானே என்று ஒரு விரல் வழித்துப் போட்டுக் கலக்கினேன்.

செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது! எத்தனை கல்யாணத்துக்கு இதே கையால் ஆரத்தி கரைத்திருக்கிறேன். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? மூளை எங்கே போய்த் தொலைந்ததோ. மேலும் மேலும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தாம்பாளம் நிறைந்ததுதான் மிச்சம்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அம்மா!" என்று திவ்யாவின் குரல். தாம்பாளத்தை ஒளிப்பதா, கையைக் கழுவுவதா, கதவைத் திறப்பதா, ஒன்றும் புரியாமல் கூடத்து நடுவில் நின்றேன்.

ரூம் கதவு திறந்தது. அவர் வந்து தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆரத்தி கரைச்சு வச்சுட்டே, இல்லையா?"

ஐயோ, இது சாயம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ரூமுக்குத் திரும்பிவிடுவாரோ? சொல்லாவிட்டால் கத்துவாரோ? எதுவும் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"கர்ப்பூரம் எங்கே?" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது. ஸ்வாமி அலமாரியைக் கைகாட்டினேன். வெற்றிலையில் கர்ப்பூரத்தை வைத்து அவரே கொளுத்தித் தாம்பாளத்தில் மிதக்கவிட்டார்.

"ரெண்டு பொம்மனாட்டி வேணுமே. பக்கத்தாத்து பாகீரதியைக் கூப்பிடட்டுமா?" என்று உளறினேன்.

"அவ வரவரைக்கும் கொழந்தைகளை வெயில்ல நிறுத்தணுமாக்கும்? பிடி அந்தப் பக்கம்."

ஆண்பிள்ளை ஆரத்தித் தட்டைப் பிடித்து நான் எங்கும் பார்த்ததில்லை. அவர் பிடித்தார். வாசலில் அப்பாவைக் கண்டதும் திவ்யா ரெனியின் தோளைப் பிடித்துக்கொண்டு விசித்து விசித்து அழுதாள். ரெனி அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் ஒட்டி நின்றான். எனக்குக் கண்ணே தெரியவில்லை.

இரண்டாவது சுற்றில் அவர் என் காதருகே குனிந்தார்.

"என்னடி இது, தண்ணி கொழகொழன்னு அசையவே மாட்டேங்கறது?"

"பேசாம சுத்துங்கோ" என்றேன்.

சுற்றினார்.