பொழி மாறும் இடம்

ராஜப்பனுக்குக் காது கேட்காமல் போய் மூன்று வருடம் ஆகிறது. கேரள எல்லையில் இருக்கும் பூவாரில் அது ஒருவருக்கும் தெரியாது.

இருபத்தாறு வருடம் டீசல் எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து டூரிஸ்ட் படகு ஓட்டியவர்; படகுக்கு அங்கே போட்டு என்று பெயர். அந்த போட்டில் யாருக்குமே எதுவும் கேட்காது. ஓட்டுகிறவன் கத்துவான், ஏறியவர்கள் கத்துவார்கள், மீதியைக் கையால் காட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு செவிடன் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். மனைவி மரியம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் சபையில் ஜெபத்துக்குக்கூட அவர் பெயரைக் கொடுக்கவில்லை. நரம்பு போய்விட்டது, மிஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று நெய்யாற்றின்கரையில் டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் வந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு ராஜப்பன் உதடுகளைப் படித்தார். தமிழானாலும் மலையாளமானாலும் உதடு உதடுதான். புரியாத இடத்தில் தலையை ஆட்டி வைத்தார். தலையாட்டுகிறவனை ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

பிறகு பேட்டரி போட்டு வந்தது.

போட்டுகளின் சொந்தக்காரன் மனு, ராஜப்பனைவிடப் பதினேழு வயது இளையவன். ஓணத்துக்குள் டீசல் போட்டு நாலையும் கரையேற்றிவிட்டு, சத்தமில்லாத இரண்டு பேட்டரி போட்டு மட்டும் ஓடும் என்று சொல்லிவிட்டான். ஓட்டுகிறவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சவாரி கொடுத்துப் பார்ப்பான், ஏறி இறங்கிய ஆளிடம் எப்படி என்று கேட்பான், அவ்வளவுதான் பரீட்சை. இன்று ராஜப்பனின் முறை. ஐம்பத்தேழு வயதில் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

காலை ஆறரை மணிக்கு ஒரே ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் லேகா. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை, அம்மா வழியில் பக்கத்து அமரவிளைக்காரி. இவ்வளவையும் அவள் ராஜப்பனைப் பார்த்தே சொன்னதால் தெரிந்தது. மனுவும் அவளைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினான். அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னதால் முகம் தெரியவில்லை. ராஜப்பன் தலையை ஆட்டினார்.

நிமிர்ந்த பிறகு மனு சொன்னதைப் படிக்க முடிந்தது. "வளைவுல நின்னு காது குடுக்கணும் கேட்டியளா அண்ணே. நம்ம போட்டு வாறது எவனுக்கும் கேக்காது. நமக்குத்தான் அவன் வாறது கேக்கும்."

"எனக்குப் படிப்பிச்சுத் தாறியாலே?" என்றார் ராஜப்பன். சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. படகுத்துறை ஜெட்டியில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து தள்ளிப் படுத்தது.

போட்டு கிளம்பியது. கிளம்பியது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டீசல் போட்டில் உள்ளங்கால் வழியாக எஞ்சின் பேசிக்கொண்டே இருக்கும். அதை வைத்தே அவர் ஓட்டினார். இதில் ஒன்றுமில்லை. கரை நகர்ந்தது. தென்னைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அலையாத்தி மரங்கள் அடர்ந்த கண்டல் காட்டின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி, தண்ணீருக்குள்ளிருந்து அதே வேர்கள் மேலே ஏறி வந்தன. எது மரம், எது நிழல் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு வெண்கொக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது. போட்டு அதைக் கடந்தது. கொக்கு பறக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் ராஜப்பன் கொக்கின் கண்ணைப் பார்த்ததில்லை. அது மஞ்சளாக இருந்தது.

லேகா முன்னிருக்கையில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். விரலைத் தண்ணீரில் விட்டுக் கோடு இழுத்தாள். அவள் முகத்தில் இருந்த அமைதியை ராஜப்பன் ஒருவித எரிச்சலோடு பார்த்தார். மூன்று வருடமாக அவர் ஒருவராகக் குடியிருக்கும் சத்தமில்லாத வீட்டுக்குள் விருந்தாளி வந்து, ஆகா என்ன சுகம் என்று காலை நீட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு சின்ன ரெக்கார்டரை எடுத்து நடுவில் வைத்தாள். அவரைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, இந்தப் பக்கத்துல மொழி எந்த இடத்துல மாறுது?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆறு கடலில் விழும் வாய்க்குப் பூவாரில் பொழி என்று பெயர். மணல் திட்டு அதை அடைக்கும், மழை அதை உடைக்கும். மொழி, பொழி இரண்டுக்கும் உதட்டில் ஒரே அசைவு. போதாததற்கு, இந்தப் பக்கத்தில் பேச்சைப் பாஷை என்பார்களே தவிர, மொழி என்று யாரும் சொல்வதில்லை. ராஜப்பன் படித்தது பொழி. தெரிந்த விஷயம் வந்துவிட்டதில் அவருக்கு மூச்சே வந்தது.

"அது ஒரு இடத்துல நிக்காது மக்கா. போன வருஷம் கிடந்த இடத்துல இந்த வருஷம் காண மாட்ட."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரே வருஷத்துலயா?"

"ஒரு நல்ல மழை போரும். மேலேருந்து தள்ளிட்டு வந்து ஒடச்சிட்டுப் போவும். சில வருஷம் அடஞ்சே கிடக்கும். அப்ப நாங்க பத்துப் பேரு மம்பட்டி எடுத்துட்டுப் போய் வெட்டி விடணும்."

"வெட்டி விடுவீங்களா?"

"வெட்டலேன்னா வீட்டுக்குள்ள கேறிரும்."

அவள் சிரித்தாள். நோட்டை எடுத்து எழுதினாள். மணலைப் பற்றி இப்படி ஆசையாகக் கேட்கிற ஆளை ராஜப்பன் பார்த்ததில்லை. டூரிஸ்டுகள் ஆனைப்பாறை எங்கே, நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

"ரெண்டும் கலக்குற இடத்துல சண்டை வராதா அண்ணா?"

"கடலும் ஆறும் சண்ட போட்டா நாம தாங்குவமா? அதுக்கு வேண்டியத அது எடுக்கும், இதுக்கு வேண்டியத இது எடுக்கும். கலக்குத இடத்துல மீனுக்கு நல்ல கோளாக்கும், வயிறு நெறஞ்சிரும். மனுசன் மட்டும் ரொம்ப நேரம் நிக்கப்பிடாது. காலுக்கடியில மண்ண வாங்கிரும்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பெரிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ராஜப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

"காணணுமா? கொண்டு காட்டுதேன்."

"மாறுற இடத்தையா? கண்ணால பாக்க முடியுமா?"

"பின்னே? வா."

பொழியருகே போட்டை நிறுத்தினார். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஆறு வந்தது. எதிரே கடல் பச்சையாக நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நுரைக்கோடு. அது வளைந்து, கலைந்து, மறுபடி சேர்ந்தது. மணல் திட்டின்மேல் வெயில் இப்போதுதான் ஏறியிருந்தது. தெற்கே பொழியூர்ப் பக்கம் கரை மங்கிக்கொண்டே போய், எங்கே கேரளம் முடிந்தது என்று தெரியாமல் வானத்தில் சேர்ந்தது. அலை எழும்பி விழுவதை ராஜப்பன் பார்த்தார். விழுகிறபோது வயிற்றில் லேசாக ஒரு அதிர்வு. அவருக்கு மிச்சமிருந்த சத்தம் அதுதான். போட்டு தொட்டில் மாதிரி ஆடியது. எவ்வளவு நேரம் என்று அவர் கணக்கு வைக்கவில்லை. மனு, ஓணம், நான்கு பேர், இரண்டு போட்டு எல்லாம் அந்த நுரைக்கோட்டுக்கு அப்பால் எங்கோ இருந்தன.

திரும்பும்போது லேகா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த இருக்கைக்குப் போனாள். சத்தங்களைப் பதிவு செய்யப் போவதாகச் சொல்லிவிட்டே போனாள். ராஜப்பன் அதற்கும் தலையாட்டினார்.

கண்டல் காட்டுக்குள் வாய்க்கால் இடதுபக்கம் வளைகிற இடம் வந்தது. ராஜப்பன் லிவரை இழுத்து போட்டை நிறுத்தினார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார். புருவத்தைச் சுருக்கினார். காது கேட்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினார். இதை வீட்டில் கண்ணாடி முன்னால் செய்தும் பார்த்திருந்தார். ஐந்து முடிந்ததும் லிவரைத் தள்ளினார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் அவுட்போர்டு எஞ்சின் வைத்த ஒரு மீன்பிடி வள்ளம் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் அந்த ஐந்து எண்ணிக்கையும் காட்டை நிறைத்துக் கேட்டிருக்கிறது. லேகா கேட்டாள். நின்று காது கொடுத்த மனிதருக்கும் கேட்டிருக்கும் என்று சும்மா இருந்தாள். போட்டு நகர்ந்ததும் கத்தினாள். மூன்று தடவை கத்தினாள். பிறகு எழுந்து ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். போட்டு சாய்ந்தது. ராஜப்பன் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் பார்த்த திசையைப் பார்த்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார்.

வள்ளம் உரசிக்கொண்டு போனது. வெள்ளை போட்டின் வயிற்றில் ஒரு கை நீளத்துக்கு நீலப் பெயிண்ட். வள்ளத்தில் இருந்தது செல்லையன், தெரிந்த ஆள். எழுந்து நின்று கையை ஆட்டினான். அவன் உதட்டைப் படிப்பது சுலபமாக இருந்தது.

"எலே ராஜப்பா, நீ என்ன செவிடாலே!"

ஊரில் எல்லாரும் எல்லாரையும் திட்டுகிற வார்த்தைதான். செல்லையன் போய்விட்டான். வாய்க்கால் தண்ணீர் கொஞ்ச நேரம் இரண்டு கரையிலும் ஏறி இறங்கியது.

லேகா முன்னால் வந்து அவருக்கு எதிரே நின்றாள். மெதுவாகப் பேசினாள். "வள்ளம் போனப்புறமும் உங்க பின்னால நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன் அண்ணா. நீங்க திரும்பல."

ராஜப்பன் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார்.

"கேக்காது," என்றார். மரியம்மாவைத் தவிர இன்னொரு ஆளிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்னபோது தன் குரல் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

"ஒண்ணுமே கேக்காதா? அப்போ நான் மொழியப் பத்திக் கேட்டதெல்லாம்?"

"பொழியப் பத்தியில்லா கேட்ட? எல்லாத்தையும் சொன்னேனே."

"பொழியில்ல. மொழி. தமிழ், மலையாளம். பேசுறது."

"பாஷையா?"

"பாஷைதான்."

"பாஷன்னு கேட்டா மனசிலாயிருக்குமே! இங்க எவன் மொழின்னு சொல்லுவான்? நான் மண்ணு வெட்டுததப் பத்திச் சொல்லிட்டு இருக்கேன், நீயும் கெடந்து எழுதுத."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. நோட்டைத் திறந்து, எழுதியதைப் பார்த்து மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜப்பனும் சிரித்தார். ஆனால் முதலில் நிறுத்தியவர் அவர்தான்.

"மனு உன்ட்ட கேப்பான். என்ன சொல்லுவ?"

அவள் சிரிப்பு போய்விட்டது. "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது அண்ணா."

ராஜப்பன் லிவரைத் தள்ளினார். அடுத்த வளைவில் அவர் போட்டை நிறுத்தினார். தலையைச் சாய்க்கவில்லை, எண்ணவில்லை. அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கையைக் காட்டியதும் போனார். மூன்று வளைவுகள் அப்படி. கொக்கு அதே இடத்தில் நின்றது.

ஜெட்டியில் மனு நின்றான். அடுத்த சவாரிக்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. லேகா முதலில் இறங்கி, நேராக மனுவிடம் போய்ப் பேசினாள். ராஜப்பனுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகில் எதையும் படிக்க முடியாது. மனுவைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். வலது கையைத் தூக்கி ரோட்டுப் பக்கம் காட்டினான். தன்னை வெளியே போகச் சொல்கிறான் என்று ராஜப்பனுக்குப் பட்டது.

"மனு!" என்றார். "எனக்குக் காது கேக்காது. மூணு வருசமாச்சு. செல்லையனுக்க வள்ளத்துல உரசுனது என் குத்தந்தான். இந்தப் பிள்ள சொன்னது முச்சூடும் சரியாக்கும்."

ஜெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. மனு அவரைப் பார்த்தான், லேகாவைப் பார்த்தான்.

"இவிய கக்கூஸ் எங்கன உண்டுன்னுதானே கேட்டாவ," என்றான்.

லேகா இரண்டு பேரையும் பார்த்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவசரம் நிஜமான அவசரம் போல. மனு காட்டிய பக்கம் வேகமாக நடந்தாள்.

மனு போட்டின் வயிற்றிலிருந்த நீலக் கோட்டை விரலால் தடவினான். பிறகு ராஜப்பனின் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"மூணு வருசமா?"

"மூணு."

"போன மாசம் என் பெண்டாட்டி பெணங்கிப் போனப்போ, ஒரு மணிக்கூறு உங்ககிட்ட இருந்து சங்கடம் பறைஞ்சேனே அண்ணே. நீங்களும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டியளே."

"நீ அழுதது தெரிஞ்சுது. எதுக்குன்னு தெரியல்ல."

மனுவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் கோபமாகி, கோபமும் நிற்காமல் போனது. கையை நீட்டினான். "சாவியத் தாங்க."

ராஜப்பன் கொடுத்தார்.

மனு அந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போனான். போட்டு சத்தமில்லாமல் விலகியது. இப்போதுதான் ராஜப்பன் அதை வெளியிலிருந்து பார்க்கிறார். பக்கத்தில் நின்று பல்விளக்கிக்கொண்டிருந்தவர்கூட அது போவதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபதடி போனதும் மனு திரும்பி ஏதோ சொன்னான். வெயில் அவனுக்குப் பின்னால் இருந்தது. உதடு இருட்டாக இருந்தது. ராஜப்பனின் கழுத்து பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினார்.

"கேக்கல்ல!" என்று கத்தினார். "திரும்பச் சொல்லுலே!"

மனு போட்டை நிறுத்தினான். எழுந்து, முகத்தில் பாதிக்கு வெயில் படும்படி ஒருக்களித்து நின்று, ஏழு விரலைக் காட்டி, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். "நாளைக்கு. ஏழு மணி. வாங்க."

ராஜப்பன் கையை வாயருகே குவித்தார். "எதுக்கு?" என்று அதையும் கேட்டார்.