ஆஹா சொல்லாத பிரமு

கடல் பார்க்கப் போகிற வேனில் ஒரு விதி உண்டு. வழியில் வரும் இயற்கைக் காட்சிகளுக்கெல்லாம் ஆஹா சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்னால்தான் கடல் வரும்.

பிரமு சொல்ல மாட்டேன் என்றாள். பேரப்பிள்ளை எடுத்தாயிற்று, இன்னும் கடலில் கால் நனைத்ததில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பி வந்தது அதற்குத்தான். வாழையும் வயலும் வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கின்றன.

மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம். அவர்கள் ஊரில் அதைக் கடற்கரையில்தான் பிரிப்பார்கள். வழியில் பிரித்ததாகச் சரித்திரமே கிடையாது.

முதலில் வயல் வந்தது. "ஆஹா!" என்றார் அவள் புருஷன் கைலாசம். சொன்ன கையோடு இறங்கிப் போய், வரப்பில் ஒற்றைக்காலில் கொக்காக நின்றார். வெள்ளை வேட்டி பொருத்தமாக இருந்தது.

அடுத்தது தென்னந்தோப்பு. அண்ணன் பெண்டாட்டி வடிவு மைனி இரண்டு தடவை ஆஹா சொன்னாள். அவளுக்கு எதிலும் ஆசை அதிகம். இரண்டு தென்னையாக நின்றாள்.

இப்படியே வேன் காலியானது. ரோடு மட்டும் நீண்டுகொண்டே போனது. அதே வயல் திரும்ப வந்தது. கொக்கு பிரமுவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

"யக்கா, ஒரே ஒரு ஆஹா," என்றான் கைடு இசக்கியப்பன். "சும்மா ஒப்புக்குச் சொல்லுங்க. கடல் வந்திரும்."

"நான் என்ன ஆவேன்?"

"கரையில பனைமரமா நிப்பீக. காத்து நல்லா வரும்."

"கால் நனையுமா?"

"பனைக்கு ஏதுக்கா காலு?"

பிரமுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதென்ன அநியாயம்! பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஐயையோ! அதக் கடற்கரையிலல்லா பிரிக்கணும்!"

"பிரிச்சாச்சு. அப்ப இதுதான் கடற்கரை. வரச் சொல்லு அத."

இசக்கியப்பன் விதியை ஒருதடவை முணுமுணுத்துப் பார்த்தான். விதியில் இதற்குப் பதில் இல்லை.

கடல் அரக்கப்பரக்க வந்தது. வேன் படியில் ஏறி, காலி இருக்கைகளைத் தாண்டி, அவள் முன்னால் நின்று மூச்சு வாங்கியது. அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"ஆஹா!" என்றது கடல்.

"சரி சரி, கிட்ட வா," என்றாள் பிரமு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு காலையும் உள்ளே விட்டாள். சில்லென்றிருந்தது. கொக்குக்கென்று ஒரு உருண்டை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆஹா மட்டும் சொல்லவில்லை.