இடது பக்கத்துச் சாவி

என் ஓரகத்தி மங்களேஸ்வரி தன் மார்பில் கண்டுபிடித்த கட்டி, மூன்று வாரமாக எங்கள் கூடத்தில் தனி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மிளகு அளவுதான். ஆனாலும் நாற்காலி முழுவதும் அதற்குத்தான்.

பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவருகிறார்கள். "மிளகளவுலயே கண்டுபிடிச்சிட்டாளே, கெட்டிக்காரி" என்கிறார்கள். என் மாமியார் அவளுக்குச் சாறு பிழிகிறாள். மூத்த மருமகள் நான். பதினாறு வருடத்தில் எனக்கு ஒரு சுளை உரித்துத் தந்ததில்லை.

என்னிடம் இருப்பது பீரோச் சாவி. மங்களம் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை ஜாக்கெட்டுக்குள் இடது பக்கம் செருகி வைத்திருக்கிறேன். கடைசிப் பதினோரு மாதமாகப் பீரோவைத் திறக்கவே இல்லை. திறந்தால் அவள் பார்த்துவிடுவாள். தினமும் காலையில் ஜாக்கெட்டுக்கு மேலாக அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக இருக்கும். ஜாக்கெட்டை மாற்றினாலும் அது அங்கேயே இருந்தது. நல்ல சாவி.

நேற்று யாரோ மிளகுக்கு மாலை போட்டார்கள். வயிறு எரிந்தது. இன்று காலையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கும் ஒன்று இருக்கட்டும், அவளுடையதைவிடப் பெரிதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மங்களம் துணைக்கு வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். அதுவும் பிடிக்கவில்லை.

உள்ளே ஒரு தாழ்வாரம். மங்களம் நாலு எட்டு வைத்தாள். டாக்டர் அறை வந்துவிட்டது. நான் நாலு எட்டு வைத்தேன். தாழ்வாரம் நீண்டது.

வாசல் மேசையில் இருந்த சிஸ்டரிடம் திரும்பி வந்து கேட்டேன். "அவளுக்கு மட்டும் ஏன் கிட்டக்க இருக்கு?"

"சீக்கிரம் வந்தவங்களுக்குக் கிட்டக்க."

"ரெண்டு பேரும் ஒரே ஆட்டோலதான வந்தோம்?"

"ஆட்டோவ யாரு கேட்டா? அவங்க மாசாமாசம் குளிக்கையில தொட்டுப் பாத்திருக்காங்க. நீங்க?"

"நான் தெனமும் பாக்கேன்."

சிஸ்டர் எழுந்து நின்றார். "என்ன இருக்கு?"

"சாவி."

"எடுத்து மேசையில வைங்க. படம் எடுக்கிற ரூமுக்குள்ள இரும்பு ஆகாது."

ஜாக்கெட்டுக்குள் கையை விட்டேன். கெட்டியாகத்தான் இருந்தது. எடுக்க வரவில்லை.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து மங்களம் ஒரு சாவிக்கொத்தை ஆட்டினாள். "யக்கா, பீரோச் சாவி எங்கிட்டல்லா இருக்கு. போன ஆடியில துவைக்கப் போட்ட ஜாக்கெட்டுல கெடந்துச்சு. எத்தன தடவ சொன்னேன், நீங்கதான் என்கூடப் பேசவே மாட்டீங்க."

சாவி அங்கே குலுங்கியது. என் விரல்கள் இங்கே ஒன்றைப் பிடித்திருந்தன. எலுமிச்சை அளவு.

"வலிக்கா?" என்றார் சிஸ்டர்.

"இல்ல."

"வலிக்காததாலதான் எல்லாரும் சாவின்னு நெனைக்காங்க."

முதலில் சந்தோஷம்தான் வந்தது. "அவளோடதவிடப் பெருசு. எழுதிக்கோங்க" என்றேன்.

சிஸ்டர் எழுதவில்லை. "இங்க சின்னதுக்குத்தான் மரியாத."

எனக்குப் பயமாக இருந்தது. மங்களத்தின் மேல் இத்தனை வருடம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவள் நகை, அவள் நிறம், அவளுக்குக் கிடைக்கும் சாறு. அந்த மிளகின் மேல் பட்டதுபோல் எதன் மேலும் பட்டதில்லை.

"இனிமே போய்ச் சேர முடியுமா?"

"முடியும். நடக்கணும். இன்னைக்கு நடந்தா இவ்ளோ தூரம். நாளைக்குன்னா இன்னொரு கட்டடம் கூடும்."

நடந்தேன். நாற்பது கதவுகளைத் தாண்டினேன். இன்னும் நாற்பது இருந்தன. டாக்டர் அறை வாசலிலிருந்து மங்களம் கையை நீட்டினாள். கை சுவரோரமாக வந்தது. பெஞ்சுகளைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றது. சுண்டுவிரலில் சாவிக்கொத்து தொங்கியது.

"பிடிங்கக்கா."

கையிலும் அவளுக்குத்தான் நீளம். வயிற்றெரிச்சலோடு பிடித்துக்கொண்டேன். சாவியை அவள் விரலிலேயே விட்டுவிட்டேன்.